கணக்கைக் காட்டாத அறிவியல்

மறைத்து வைக்கப்படும் பொருள் செல்வமாகலாம். மறைத்து வைக்கப்படும் படைக்கலன் வலிமையாகலாம். மறைத்து வைக்கப்படும் கணக்கு ஒருபோதும் அறிவாகாது. ஊர்ப் பொதுப்பணத்தைக் கையாள்பவர் ஆண்டிறுதியில் அவை நடுவே எழுந்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று மூன்று வரி படித்துவிட்டு அமர்ந்தால் ஊரார் ஒப்புவரா? "ஏட்டைக் கொண்டு வா, வரிவரியாகப் பார்க்க வேண்டும்" என்பர். அங்ஙனம் கேட்பவரை எவரும் இகழ்வதில்லை. ஏட்டைக் காட்ட மறுப்பவரையே ஊர் ஐயுறும். எழுத்தறியாத சிற்றூர்க்கும் விளங்கும் இவ்வெளிய அறம், உலகின் உயர்ந்த அறிவியல் அரங்குகளில் இன்னும் முற்ற வேரூன்றவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். நம்பி, அதனை எதிர்த்துக் கேட்கவும் வேண்டும்.

அமைப்பு உயிரியல் என்றொரு துறை இந்நூற்றாண்டின் வாயிலில் தனித்துறையாகத் தலையெடுத்தது. ஓர் உயிரணுவில் உள்ள மரபணுக்களையும் புரதங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பெயரிட்டு அடுக்குவதோடு அது நிற்பதில்லை. அவை ஒன்றையொன்று எவ்வாறு தூண்டுகின்றன, எவ்வாறு தடுக்கின்றன, எவ்வளவு விரைவில் தோன்றி எவ்வளவு விரைவில் அழிகின்றன என்பனவற்றையெல்லாம் கணக்காக எழுதி, அக்கணக்கைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்து, உயிரின் இயக்கத்தை முழுமையாக அறிய முயல்வதே அத்துறையாகும். அவ்வாறு எழுதப்படும் கணக்கினையே படிமம் என்கிறோம். 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சப்பானின் தோக்கியோ நகரில் இத்துறையின் முதல் அனைத்துலக மாநாடு கூடிற்று. அதனை முன்னின்று கூட்டியவர் இரோவாக்கி கித்தானோ என்னும் சப்பானிய அறிஞர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பாசதீனாவிலும், அதற்கடுத்த ஆண்டு சுவீடனின் தலைநகரிலும் அது தொடர்ந்து கூடிற்று. இன்று இத்துறை உலகெங்கும் பரந்து நிற்கிறது.

இம்முயற்சியின் பெருமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை. உறுப்பை மட்டும் பார்த்து உடலை மறந்த பழைய போக்கிற்கு இஃது ஒரு நல்ல மாற்றே. நம் வழக்கு ஒன்றே ஒன்றுதான்: இத்துறையார் உலகின்முன் வைக்கும் கணக்குகளில் ஏறத்தாழப் பாதி, பிறர் எடுத்துப் போட்டுப் பார்த்தால் எழுதியவர் சொன்ன விடையைத் தருவதில்லை. இது நம் கற்பனையன்று. அத்துறையாரே தம் கையால் எண்ணிக் கண்ட உண்மை. அதனைப் பின்னர் விரிப்போம். முன்னதாக, கணக்கைக் காட்டியவர்கள் எத்தகையோர் என்பதைக் காண்போம்.

கணவாயின் நரம்பும் கைச்சுழற் பொறியும்

1952-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைக் காண்க. இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரைச் சேர்ந்த ஆட்சுகின், அக்சிலி என்னும் இருவர், கணவாய் என்னும் கடலுயிரியின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு ஓடுகிறது என்பதை ஆராய்ந்தனர். சோடியமும் பொட்டாசியமும் நரம்பின் மென்தோலைக் கடந்து உட்புகுவதையும் வெளியேறுவதையும் அளந்தனர். அவ்வளவுகளை நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதினர். அச்சமன்பாடுகளிலிருந்து நரம்புத் துடிப்பின் வடிவமும் விரைவும் தாமே பிறக்குமா என்பதுதான் வினா. அப்பொழுது கேம்பிரிட்சில் இருந்த கணிப்பொறி மாற்றியமைக்கப்படுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அக்சிலி என்ன செய்தார்? கையால் சுழற்றும் கணக்குப் பொறி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று கிழமைகள் சுழற்றிச் சுழற்றிக் கணக்கிட்டார். கணக்குச் சொன்ன விரைவு நொடிக்கு 18.8 மீட்டர். நரம்பில் அளந்து கண்ட விரைவு நொடிக்கு 21.2 மீட்டர்.

இரண்டும் ஒன்றாகவில்லை என்பதைக் கருதுக. அவர்கள் அவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. கணக்கைத் திருகி 21.2-ஐ வரவழைக்கவும் இல்லை. சமன்பாடுகள் அனைத்தையும், அவற்றுள் வரும் எண்கள் அனைத்தையும் தம் கட்டுரையில் அச்சிட்டனர். இன்று ஏதோ ஒரு கல்லூரியில் பயிலும் மாணவன் அக்கட்டுரை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எழுபது ஆண்டுகளுக்கு முன் அக்சிலி கண்ட அதே துடிப்பைத் தன் கணிப்பொறித் திரையில் எழுப்பிக் காட்டலாம். எவரிடமும் இசைவு வாங்க வேண்டுவதில்லை. எவருக்கும் மடல் எழுதவும் வேண்டுவதில்லை. 1963-இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கணக்கைத் திறந்து காட்டியதால் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

அவர்கள் இழக்கவில்லை என்பது மட்டுமன்று, உலகம் பெற்றது. 1960-இல் தெனிசு நோபிள் என்னும் இளைஞர் இலண்டனில் அச்சமன்பாடுகளையே எடுத்து, நெஞ்சாங்குலையின் இழைகளுக்கு ஏற்பத் திருத்தி எழுதினார். நெஞ்சாங்குலை தானே துடிப்பது எவ்வாறு என்பதற்கு முதற் கணிப்புப் படிமம் அங்ஙனம் பிறந்தது. ஆட்சுகினும் அக்சிலியும் ஒரு வளைகோட்டை மட்டும் வரைந்து காட்டி, சமன்பாட்டைப் பெட்டியில் பூட்டியிருந்தால் நோபிள் எதனைத் திருத்தியிருப்பார்? ஒருவன் ஏற்றிய விளக்கில் மற்றொருவன் தன் திரியைக் கொளுத்திக்கொள்வதே அறிவியல். விளக்கை மூடி வைத்துவிட்டு ஒளியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது அறிவியலாகாது.

மொழி தேடிக் கூடிய அறிஞர்

கணிப்பொறிகள் பெருகின, படிமங்களும் பெருகின. ஆயின் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் மென்பொருளைத் தானே எழுதிக்கொண்டது. ஒன்று எழுதிய படிமத்தை மற்றொன்று படிக்க இயலவில்லை. ஒரு வீட்டார் பேசுவது அடுத்த வீட்டார்க்கு விளங்காத ஊரில் பொதுப்பணி எங்ஙனம் நடக்கும்? 2000-ஆம் ஆண்டு, தோக்கியோ மாநாட்டிற்குச் சில திங்கள் முன்னர், பாசதீனாவிலுள்ள கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய மென்பொருள்களை எழுதியோர் ஒருங்கு கூடினர். அக்கூட்டத்தின் விளைவாகப் பிறந்தது ஒரு மருந்தன்று, ஒரு கருவியன்று, ஒரு மொழி! எசு.பி.எம்.எல். என்னும் அமைப்பு உயிரியல் குறிமொழியே அது. படிமத்தில் எந்தெந்தப் பொருள்கள் உள்ளன, தொடக்கத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு, எது எதுவாக மாறுகிறது, என்ன விரைவில் மாறுகிறது, அளவைகள் யாவை என்பனவற்றை எந்தக் கணிப்பொறியும் படித்தறியும் வகையில் எழுதுவதற்கான இலக்கணம் அது. 2001-இல் அதன் முதல் நிலை வெளிவந்தது.

மொழி என்பது வெறும் பேச்சுக் கருவிதானே, எதில் எழுதினால் என்ன, எப்படி எழுதினால் என்ன என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்கள் இந்நிகழ்ச்சியைக் கண் திறந்து பார்க்கட்டும். உயிரின் நுண்மையை ஆராயப் புகுந்த அறிஞர்க்குத் தடையாய் நின்றவற்றுள் தலையாயது மொழிக்குறையே. 2002-இல் யூரி இலாசெபுனிக்கு என்னும் உயிரியலார் ஒரு கட்டுரை எழுதினார். உயிரியலார் ஒரு வானொலிப் பெட்டியைச் செப்பனிட இயலுமா என்பது அதன் தலைப்பு. உயிரியலார் வானொலிப் பெட்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பர். வண்ணத்தாலும் வடிவாலும் வகைப்படுத்திப் பெயரிடுவர். ஆயினும் பாடாத பெட்டியைப் பாட வைக்க அவர்களால் இயலாது. ஏனெனில் மின்பொறியாளர்க்கு உள்ளது போல், அளவும் தொடர்பும் பிழையறக் குறிக்கும் பொதுமொழி அவர்களுக்கு இல்லை என்பதே அவர் உரைத்ததன் சாரம். ஒரே அம்புக்குறி ஒரு படத்தில் தூண்டுதலையும், மற்றொரு படத்தில் மாற்றத்தையும், வேறொரு படத்தில் இடப்பெயர்ச்சியையும் குறிக்குமாயின், படிப்பவன் எதனைக் கொள்வான், எதனைத் தள்ளுவான்?

இக்குறையை நீக்க நல்லோர் பலர் உழைத்தனர். 2005-இல், ஒரு படிமத்தை வெளியிடுவோர் குறைந்த அளவு எவ்வெவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அதே ஆண்டில் இங்கிலாந்தின் இங்சுடனில், எவரும் விலையின்றி எடுத்தாளத்தக்க 'பயோமாடல்சு' என்னும் படிம வைப்பகம் தொடங்கப்பட்டது. 2009-இல் படங்களுக்கான குறியீட்டு முறை ஒன்று வெளியிடப்பட்டது. 2010-இல் எடின்பரோவில் 'கம்பைன்' என்னும் கூட்டமைப்பின் முதற் கூட்டம் கூடி, சிதறிக் கிடந்த இம்முயற்சிகளை ஒருமுகப்படுத்திற்று. எனவே, வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. வழி இருக்கிறது, மொழி இருக்கிறது, வைப்பகம் இருக்கிறது. இருந்தும் நடந்தது என்ன?

பாதி இயங்கவில்லை

அவ்வைப்பகத்தைப் பேணிவந்த ஆய்வாளர்கள், 152 இதழ்களில் அச்சேறிய 455 படிமங்களை எடுத்து, கட்டுரையில் கொடுக்கப்பட்டவற்றைக் கொண்டே அவற்றை மீண்டும் இயக்கிப் பார்த்தனர். 2021-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: 51 விழுக்காடு எழுதியவாறே இயங்கின, 49 விழுக்காடு இயங்கவில்லை. பிழைகளைத் தாமே உய்த்துணர்ந்து திருத்தியும், எழுதியவர்களை நாடிக் கேட்டும் மேலும் 12 விழுக்காட்டை உயிர்ப்பித்தனர். எஞ்சிய 37 விழுக்காடு எவ்வாறு முயன்றும் எழவில்லை.

இவை தெருவில் பொறுக்கிய தாள்களல்ல. ஒவ்வொன்றும் துறையறிந்தோர் படித்து, நன்று என்று ஒப்பமிட்டு, இதழாசிரியர் ஏற்று, அச்சேற்றிய கட்டுரையில் உள்ளது. படித்தவர்கள் என்ன படித்தார்கள்? முடிவுரையைப் படித்தார்கள், வளைகோட்டைப் பார்த்தார்கள், கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை! போட்டுப் பார்த்திருந்தால் ஒரு பிற்பகலில் வெளிப்பட்டிருக்கும் குறையே பலவற்றில் இருந்தது. ஓரிடத்தில் ஒரு மாறிலியின் மதிப்பு விடுபட்டிருந்தது. ஓரிடத்தில் தொடக்க அளவு சொல்லப்படவில்லை. ஓரிடத்தில் கூட்டற்குறி நிற்க வேண்டிய இடத்தில் கழித்தற்குறி நின்றது. ஓரிடத்தில் அளவைகள் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை.

இச்சிறு குறைகள் எத்தகைய கேடு செய்யும் என்பதற்கு எளியதோர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஓர் உயிரணுவில் ஒரு புரதம் ஓரளவு விரைவில் உண்டாகிறது. உண்டானது ஓரளவு விரைவில் அழிகிறது. உண்டாகும் விரைவு தெரியும். அழியும் விரைவு தெரியாது என்று கொள்க. அப்புரதம் ஈற்றில் எவ்வளவாய் நிலைக்கும்? சொல்ல இயலாது. அழிவு மெதுவாயின் மலையெனக் குவியும். விரைவாயின் துளியும் நில்லாது. ஓர் எண் விடுபட்டால் மலையும் துளியும் ஒன்றாகிவிடுகின்றன. இத்தகைய எண்கள் நூற்றுக்கணக்கில் வரும் படிமத்தில் பத்து எண்களைச் சொல்லாமல் விட்டுவிட்டு, விடை இதுதான் என்று கூறுவதை என்னென்பது? புளியும் உப்பும் எவ்வளவு என்று சொல்லாமல், குழம்பின் சுவையை மட்டும் புகழ்ந்து பேசும் சமையற் குறிப்பு அது.

நாம் இதனைக் களவு என்று குற்றஞ்சாட்டவில்லை. பெரும்பகுதி பொறுப்பின்மையே, விரைந்து அச்சேற வேண்டும் என்ற பரபரப்பே. ஆயினும் பொதுப்பணத்தைத் திருடியவனும், கணக்கைத் தொலைத்தவனும் ஊரார் முன்னிலையில் நிற்க வேண்டியவர்களே. முன்னவனுக்குத் தண்டனை, பின்னவனுக்குத் திருத்தம். இருவரையும் கேளாமல் விடும் ஊர் உருப்படாது.

நொண்டிச் சாக்குகள்

கணக்கைக் காட்டுங்கள் என்றால் இவர்கள் சொல்லும் மறுமொழிகளைச் சிறிது ஆராய்வோம்.

"இஃது எம் உழைப்பு, வெளியிட்டால் பிறர் எடுத்துக்கொள்வர்" என்பது முதல் மறுமொழி. எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தானே அச்சிடுகிறீர்கள்? பெயரும் பதவியும் வேண்டும்போது அஃது உலகிற்களித்த அறிவு. கணக்கைக் கேட்கும்போது மட்டும் தனியுடைமையா? மேலும், இவ்வாய்வுகளுட் பல நடப்பது மக்கள் இறுத்த வரிப்பணத்தில். பணம் பொதுவாகவும், ஏடு தனியாகவும் இருப்பது எந்த நாட்டு முறைமை?

"வேண்டுவோர் எமக்கு எழுதிக் கேட்கலாம்" என்பது இரண்டாவது. படிமத்தை எழுதிய மாணவர் பட்டம் பெற்று வேறிடம் போய்விடுகிறார். அவருடைய கணிப்பொறி பழுதாகிக் குப்பைக்குப் போகிறது. ஆசிரியர்க்கோ அதன் உட்பொருள் தெரியாது. எழுதிக் கேட்டவர்க்கு மறுமொழி வருவதில்லை. வந்தாலும் பயன் குறைவு. அறிவு ஏட்டில் இருக்க வேண்டும். ஒருவரின் நினைவிலும் நல்லெண்ணத்திலும் தொங்கிக்கொண்டிருத்தல் கூடாது.

"செய்முறை ஆய்வில் எம் முடிவு மெய்ப்பட்டுவிட்டது, படிமம் வெறும் துணையே" என்பது மூன்றாவது. துணைதான் என்றால் அதனை ஏன் தலைப்பில் வைத்தீர்? மாற்றத்தக்க எண்கள் போதிய அளவு இருந்தால், எந்தப் படிமத்தையும் எந்த வளைகோட்டோடும் பொருத்திவிடலாம். பொருந்தியது என்பதனாலேயே மெய் என்று ஆகாது. எவ்வாறு பொருத்தினீர், எத்தனை எண்களைத் திருகினீர் என்பதைக் கண்டாலன்றி அப்பொருத்தத்திற்கு மதிப்பில்லை.

"படிமம் மிகப் பெரியது, எவர்க்கும் விளங்காது" என்பது நான்காவது. இதில் மட்டும் சிறிது உண்மையுண்டு. 2012-இல் சிடான்போர்டுப் பல்கலைக்கழகத்தார், 525 மரபணுக்கள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய நுண்ணுயிரி ஒன்றின் முழு உயிரணுவையும் 28 உட்படிமங்களாகப் பகுத்து, கணிப்பொறியில் இயக்கிக் காட்டினர். அவர்கள் தம் நிரலை உலகின்முன் திறந்து வைத்தனர், அது போற்றத்தக்கது. 2015-இல் செருமனியின் உரோசுடாக்கு நகரில் இளம் ஆய்வாளர்கள் கூடி, அப்படிமத்தைப் பொதுக் குறிமொழியில் மாற்றி எழுத முயன்றனர். முயற்சி கடினமாயிற்று, குறிமொழிக்கே இன்னும் எவ்வெவ் ஆற்றல்கள் தேவை என்பது அதனால் வெளிப்பட்டது. ஈதன்றோ நேர்மை! திறந்து வைத்ததனால்தான் குறை தெரிந்தது. குறை தெரிந்ததனால்தான் மொழியை வளர்க்க வழி பிறந்தது. பெருமை என்பதற்காக மூடி வைத்தோரால் எந்தக் குறையும் தெரிய வராது. எந்த வளர்ச்சியும் பிறவாது.

உயிர்கள் தொங்கும் கணக்கு

அறிஞர்கள் தமக்குள் செய்யும் பூசல்தானே, இதனால் நமக்கென்ன என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். இக்கணக்குகள் இன்று ஏட்டோடு நிற்பனவல்ல. 2008-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆள்வகம், நீரிழிவு நோயாளிகளின் உடலியக்கத்தைக் கணிக்கும் ஒரு படிமத்தை ஏற்றுக்கொண்டது. இன்சுலின் மருந்தைத் தானே அளந்து செலுத்தும் கருவிகளின் கணக்குமுறையை மாந்தர்மேல் ஆய்வதற்கு முன் விலங்குகள்மேல் ஆய்வது வழக்கம். அவ்விலங்காய்வுக்கு ஈடாக அப்படிமத்தில் ஆய்ந்தாலே போதும் என்பது அவ்வேற்பின் பொருள். வர்சீனியா, பதுவா ஆகிய இரு பல்கலைக்கழகத்தார் ஆக்கிய அப்படிமத்தின் சமன்பாடுகள் ஆய்விதழ்களில் வெளிவந்தவை. அது நன்று. நாம் சொல்ல வருவது, படிமம் என்பது எத்துணைப் பெரும் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதையே. ஒரு குழந்தையின் குருதியில் எத்தனை துளி மருந்து சேர வேண்டும் என்பதற்கு முன்னோட்டமாய் நிற்கும் கணக்கில், கூட்டற்குறி கழித்தற்குறியாக மாறி நின்றால் என்னாகும்?

மற்றொரு நிகழ்ச்சியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள், இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் கொரோனாக் கொள்ளைநோய் பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டனர். தடுப்பு எதுவும் செய்யாவிடின் பிரித்தானியாவில் 5,10,000 பேரும், அமெரிக்காவில் 22 இலக்கம் பேரும் இறக்கக்கூடும் என்று அவர்களின் கணிப்புப் படிமம் கூறிற்று. இஃது உயிரணுவின் படிமம் அன்று, மக்கள்திரளின் படிமம். ஆயினும் அறம் ஒன்றே. நாட்டையே வீட்டுக்குள் அடைக்கும் முடிவுக்குத் துணைநின்ற அக்கணக்கின் நிரல் அன்று உலகின் பார்வைக்கு வைக்கப்படவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன் எழுதியது, விளக்கக் குறிப்புகள் அற்றது என்று அதனை எழுதியவரே ஒப்புக்கொண்டார். பின்னர்ச் செப்பஞ்செய்து ஏப்பிரல் இறுதியில்தான் அதனை வெளியிட்டனர். கேம்பிரிட்சு அறிஞர் ஒருவர் வெளிவந்த நிரலை இயக்கிப் பார்த்து, அறிக்கையின் முடிவுகள் மீண்டும் கிடைக்கின்றன என்று உறுதி செய்தார்.

"பார்த்தீர்களா, முடிவு சரியாகத்தானே வந்தது?" என்பர் சிலர். நாம் கேட்பது வேறு. சரி என்பது தெரிந்த நாள் எது? மக்கள் வீட்டுக்குள் அடைபட்ட பின்னர்த்தானே? அதற்கு முன் உலகம் கொண்டிருந்தது நம்பிக்கை, அறிவன்று. அவ்விடைக்காலத்தில் பிறந்த ஐயங்களையும் அலரையும் எண்ணிப் பாருங்கள். கணக்கு முதல்நாளே திறந்திருந்தால், வெற்று ஐயமும் அன்றே அடங்கியிருக்கும். உண்மையான குறையும் அன்றே திருந்தியிருக்கும். மறைத்த கணக்குச் சரியாக இருந்தாலும் அதனால் வரும் கேடு வந்தே தீரும். "என்னை நம்பு" என்பது குறிசொல்வோன் சொல். "நீயே பார்" என்பதே அறிஞன் சொல்.

செய்ய வேண்டுவன

இனி, இத்துறையின் மாநாடுகளைக் கூட்டுவோர்க்கு நேராகச் சொல்கிறோம். படிமத்தைப் பொது வைப்பகத்தில் வைக்காதவர்க்கு மேடை கொடாதீர். அளவையும் தொடக்கமும் மாறிலியும் குறிக்கப்படாத கணக்கிற்கு இடம் ஒதுக்காதீர். வளைகோட்டைத் திரையில் காட்டுபவரிடம், அதே அரங்கில், அதே மணியில், "இயக்கிக் காட்டு" என்று கேட்க ஒருவரை அமர்த்துங்கள். அந்த 455 படிமங்களை எண்ணிய ஆய்வாளர்களே, இதழாசிரியர்களும் மதிப்பிடுவோரும் பின்பற்றத்தக்க எட்டுக் கூற்றுச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றையும் தந்திருக்கிறார்கள். எட்டு வினாக்களுக்கு ஆம், இல்லை என்று விடை எழுத எத்தனை நேரம் ஆகும்? அதனைச் செய்ய மனமில்லாதவர்க்கு, அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று மேடையேறி முழங்க உரிமையில்லை. அறிவியல் தானாகத் திருந்துவதில்லை. திருத்துவோர் இருந்தால்தான் திருந்தும். திருத்துவோர்க்கு ஏடு வேண்டும்.

பணம் அளிக்கும் அரசுகளும் அறநிலையங்களும் இதனையே கட்டளையாக்க வேண்டும். முதற்பகுதிப் பணம் ஆய்வு தொடங்க. இறுதிப்பகுதிப் பணம், முன்பின் அறியாத ஒருவர் அப்படிமத்தை இயக்கி அதே விடையைப் பெற்ற பின்னர். இஃது ஒன்றை நடைமுறைப்படுத்தினால், பாதி இயங்காத கேடு சில ஆண்டுகளில் மறையும். கட்டடம் கட்டியவர்க்குக்கூட அளந்து பார்த்துத்தானே கடைசித் தொகை கொடுக்கிறோம்?

நம் இளைஞர்க்கும் ஒன்று உண்டு. திறந்த கணக்கு என்பது எளியோர்க்கு உதவும் கணக்கு. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கருவி வாங்க இயலாத சிறு கல்லூரியில் பயிலும் தமிழ் மாணவன், 'பயோமாடல்சு' வைப்பகத்திலிருந்து ஒரு படிமத்தைக் காசின்றி எடுக்கலாம். 'கோப்பாசி' போன்ற விலையில்லா மென்பொருளில், தன் எளிய கணிப்பொறியிலேயே இயக்கலாம். கேம்பிரிட்சுக்கும் தோக்கியோவுக்கும் நிகராக அமர்ந்து, "இவ்வெண் தவறு" என்று சுட்டலாம். மூடிய கணக்கோ பணமுள்ள ஆய்வுக்கூடத்தின் வாயிலில் அவனை நிறுத்தி வைக்கும். எவ்வெவர் கணக்கை மூடி வைக்க விரும்புகின்றனர், எவ்வெவர்க்குத் திறந்த கணக்குத் தேவைப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தாலே இவ்வழக்கில் நாம் எப்பக்கம் நிற்க வேண்டும் என்பது விளங்கும்.

ஆகவே, இளைஞனே, ஒரு படிமத்தை எடு. அதன் ஒவ்வொரு சமன்பாடும் எதனைச் சொல்கிறது என்பதைத் தூய தமிழில் வரிக்கு வரி எழுதிப் பார். எழுத எழுத, உனக்கு விளங்கியது எது, விளங்காதது எது என்பது தெரியும். எழுதியவர் சொல்லாமல் விட்டது எது என்பதும் தெரியும். ஒரு பொருட்கு ஒரு பெயர், ஒரு குறிக்கு ஒரு பொருள் என்னும் ஒழுங்கைப் பாசதீனாவில் கூடிய அறிஞர் தம் குறிமொழிக்காகத் தேடினர். நீ உன் தாய்மொழியில் தேடு. விடுபட்ட எண்ணைக் கண்டால் அஞ்சாமல் கேள். கேட்கப்படுபவர் எத்துணைப் பெரியவராயினும் ஆகுக.

பெரியவர் என்பதற்காக ஏட்டைப் பார்க்காமல் ஒப்பமிட்ட ஊர் எதுவும் வாழ்ந்ததில்லை. ஒருவர் மூன்று கிழமைகள் கையால் சுழற்றிப் போட்டு 1952-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் நிற்கிறது. நேற்றுப் பெருங்கணிப்பொறியில் போட்ட கணக்கு இன்றே நிற்கவில்லை எனின், குறை பொறியில் இல்லை. போட்டவர் நேர்மையில் இருக்கிறது. கணக்கைக் காட்டுங்கள், பின்னர் முடிவைப் பேசுவோம்!